அந்துவான் ராயல்

சட்டையைப் பார்த்துத் தள்ளி உட்கார வேண்டாம் தம்பி. ரத்தம் இல்லை, நாவல்பழம். சற்று முன்னால் சோதனைச் சாவடியில் ஏட்டு ஒருவர் என் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தார், அப்போது தெறித்தது. காய்ந்துவிட்டது, உங்கள் வேட்டியில் ஒட்டாது. குடித்திருக்கிறேன் என்றும் நினைக்காதீர்கள். முப்பத்தெட்டு வருஷம் பாரில் நின்றவன் நான். வேலைக்காக நாக்கில் தொட்டுப் பார்த்திருக்கிறேனே தவிர, ஒரு முழு கிளாஸ் குடித்ததில்லை. முகம் சிவந்திருப்பது கோபத்தினால்.

யார்மேல் கோபம் என்று கேட்டால் எங்கே தொடங்குவது? ஏட்டு மேல் இருக்கிறது. பிரணவ் என்று ஒருவன், நான் வேலை பார்த்த ஓட்டலின் பாருக்குப் புதிதாக வந்த மானேஜர், அவன்மேல் இருக்கிறது. எல்லாரையும்விட என் மகள் செலின் மேல். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறாள், பள்ளிக்கூட டீச்சர். அவளோடு சண்டை போடத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு ஐந்து மணிக்குள் முடிந்தாக வேண்டிய சண்டை. ஐந்து மணிக்கு அட்டை அச்சுக்குப் போகிறது.

என்ன அட்டை என்கிறீர்களா? சொல்கிறேன். பாலத்து வேலை நடக்கிறது, பஸ் எப்படியும் நகரப்போவதில்லை.

என் பெயர் அந்துவான். பாண்டிச்சேரி நெல்லித்தோப்பு. கடற்கரைப் பக்கம் ஒரு பழைய ஓட்டல், பெயர் எதற்கு, அங்கே கிளாஸ் கழுவுகிறவனாகச் சேர்ந்து பார்மேனாக ஓய்வு பெற்றேன். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. கிளாஸ் கழுவிக்கொண்டே காதால் பிரெஞ்சு கற்றேன், கண்ணால் ஊற்றக் கற்றேன். முசே அந்துவான் என்பார்கள். வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கை கொடுப்பார்கள். என் பெயரில் ஒரு பானம் இருந்தது தம்பி. அந்துவான் ராயல். இருபத்தாறு வருஷம் அந்த ஓட்டலின் மெனு அட்டையில் இருந்தது. அந்தப் பெயரைத்தான் இப்போது எடுக்கப் பார்க்கிறார்கள்.

பானம் ரொம்ப எளிது. எளிதாக இருப்பதால்தான் எல்லாரும் கெடுக்கிறார்கள். உயரமான, ஒடுங்கிய கிளாஸ். துணிப் பிசிறு இல்லாமல் துடைத்துக் குளிரில் வைத்திருக்க வேண்டும். அடியில் பழ லிக்யூர். லிக்யூர் என்றால் பழத்தைப் பிராந்தியில் ஊறவைத்து, வடித்து, சர்க்கரை சேர்த்த கெட்டியான சாறு. இரண்டு தேக்கரண்டி. மூன்று ஊற்றினால் பாயசம். அதற்குமேல் நுரை ஒயின். ஷாம்பெயின் என்று சொல்லாதீர்கள், அது அவர்கள் ஊர்ச் சரக்கு. நமக்கு நாசிக்கிலிருந்து வருகிறது, குறைச்சல் ஒன்றும் இல்லை. கிளாஸைச் சாய்த்து, ஓரமாகப் பாதி ஊற்ற வேண்டும். நுரை எழும்பி அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மனசுக்குள் ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லும் நேரம். பிறகு மீதி. கரண்டி படக்கூடாது. ஐஸ் கூடாது. அடியில் இருக்கும் லிக்யூர் தானாகவே மேலே ஏறிக் கலந்துகொள்ளும்.

இந்தப் பிரணவ் என்ன செய்தான் தெரியுமா? ஒயினை முதலில் ஊற்றினான். லிக்யூரை மேலே விட்டான். நீளக் கரண்டியைப் போட்டு ஆற்று ஆற்று என்று ஆற்றினான். அதன் தலையில் ஒரு புதினா இலை.

"என்ன தம்பி, பிரியாணியா பண்ற?" என்று கேட்டேன்.

"லுக்குக்காக அங்கிள்."

நுரை செத்துப்போன பானத்துக்கு லுக் என்ன வேண்டியிருக்கிறது? பிணத்துக்குப் பூ வைத்த மாதிரி. அவனுக்கு என்னைவிட மூன்று பங்கு சம்பளம். விடுங்கள், சம்பளம் பற்றிப் பேச வரவில்லை. ஊற்றும் வரிசை தெரியாதவன் என் பெயரை எடுக்கலாமா? அதுதான் கேள்வி.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். ஜூலை பதினாலு எங்கள் ஊரில் என்ன நாள் என்று தெரியுமல்லவா? பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற கிழவர்கள் மெடல் குத்திக்கொண்டு ஊர்வலம் போவார்கள். சாயங்காலம் எங்கள் ஓட்டல் மாடியில் விருந்து. அவர்கள் இந்த நுரைப் பானத்தைக் காசிஸ் என்று ஒரு கறுப்புப் பழத்தின் லிக்யூரில் குடிப்பார்கள். அது பிரான்சிலிருந்துதான் வரும். அந்த வருஷம் பெட்டி வந்தது. திறந்தால் ஆறு பாட்டிலும் தூள். வைக்கோலெல்லாம் ஊதா. விருந்துக்கு ஆறு மணி நேரம் இருக்கிறது. முதலாளி பிரெஞ்சுக்காரர், என்னைப் பார்த்து என்னவெல்லாமோ சொன்னார், நான் உடைத்த மாதிரி.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டில் கை வைக்கவில்லை. என் வீட்டுக்காரி பெயர் மதலேன். அவள் அதிகம் பேசமாட்டாள். என்ன ஏது என்று கேட்டாள், சொன்னேன். எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பீங்கான் ஜாடியை இழுத்தாள். வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு வருகிறவர்களுக்குச் சின்னக் கிண்ணத்தில் கொடுக்க நாவல்பழம் ஊறப்போடுவாள். போன வருஷத்து ஜாடி, பாதி மிச்சம் இருந்தது.

"இத எடுத்துட்டுப் போங்க. நெறம் ஒண்ணாத்தான் இருக்கும்."

"ஒனக்கென்ன பைத்தியமா? துரைங்க குடிக்கிறது. வீட்டுக் கஷாயத்த ஊத்தச் சொல்றியா?"

"நாக்குல வெச்சுப் பாத்துட்டுத் திட்டுங்க."

வைத்துப் பார்த்தேன். திட்டவில்லை. பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போனேன்.

அன்றைக்கு மாடியில் நாற்பது கிளாஸ் ஊற்றினேன் தம்பி. நாற்பதும் காலியாகத் திரும்பி வந்தது, அடியில் ஒரு சொட்டு இல்லை. ஒரு பெரிய மனிதரின் மனைவி, தலையில் தொப்பி, என்னிடம் நேராக வந்தாள். இது காசிஸ் இல்லையே, அதைவிட நன்றாக இருக்கிறதே, யார் செய்தது என்று கேட்டாள். சுற்றிலும் பத்துப் பேர். முதலாளி பின்னால் நிற்கிறார். நான் என்ன சொல்வேன்? கட்டிலுக்கு அடியில் இருந்து எடுத்தது என்றா சொல்வேன்?

"என் தயாரிப்பு, மதாம்," என்றேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். அந்த அம்மாள்தான் பெயர் வைத்தாள். அந்துவான் ராயல். நானாக வைத்துக்கொண்டதா? கேட்டேனா? கை தட்டுகிறவர்களைத் தட்டாதே என்று சொல்ல முடியுமா?

அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும். ஆனி மாசம் பிறந்தால் வீடு முழுக்க நாவல்பழ வாசனை. ஒரு ஜாடி இரண்டாகி, நாலாகி, கட்டிலுக்கு அடியில் இடம் போதாமல் என் சைக்கிளை வெளியே விட்டாள். மழையில் துருப்பிடித்தது. அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பிராந்தி நான்தான் வாங்கிக் கொடுப்பேன். சர்க்கரை நான்தான். பழம் அவள் பெரிய மார்க்கெட்டில் போய்ப் பார்த்து வாங்குவாள். மற்றதெல்லாம் அடுப்படி வேலை. அதில் நான் தலையிடுவதில்லை, அவளும் நான் ஊற்றுவதில் தலையிடமாட்டாள். ஜூலை பதினாலு சாயங்காலம் திரும்பி வந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"நொர நின்னுச்சா?"

"ம்."

அவ்வளவுதான். இருபத்தாறு வருஷமும் இதே கேள்வி, இதே பதில். நல்ல குடும்பம் இப்படித்தான் நடக்கும்.

அவள் அதைக் குடித்தாளா என்று கேட்கிறீர்கள். நீங்களும் செலின் மாதிரியே கேட்கிறீர்கள். வெறும் லிக்யூரை நாக்கில் வைத்துப் பார்த்திருப்பாள். நுரை ஒயின் ஊற்றிய பானத்தை எப்படிக் குடிப்பாள்? வீட்டில் நுரை ஒயின் ஏது? திறந்தால் அன்றைக்கே குடிக்க வேண்டும், நாளைக்கு வைத்தால் தண்ணீர். ஒருத்திக்காக ஒரு பாட்டில் திறக்க முடியுமா? ஓட்டலுக்கு ஊழியர் குடும்பம் வரக்கூடாது. வருஷத்தில் ஒரு நாள் வரலாம், டிசம்பரில். அதற்கு நான் கூட்டிப்போகவில்லை. போனால் என்ன செய்வாள்? மூலையில் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிரெஞ்சு தெரியாது. யாராவது ஏதாவது கேட்டால் என்ன சொல்வாள்?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அவளே ஒரு நாளும் கேட்டதில்லை.

மூன்று வருஷம் ஆகிறது அவள் போய். அவள் ஊறப்போட்ட கடைசி ஜாடியை அந்த வருஷ ஜூலைக்கு ஊற்றி முடித்தேன். அதோடு ஓட்டலையும் மூடினார்கள். பம்பாய்க்காரர்கள் வாங்கி, உள்ளே எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். இந்த ஜூலை பதினாலுக்குத் திறக்கிறார்கள். இந்த ஊரின் பழைய பானங்கள் என்று ஒரு அட்டை போடப்போகிறார்களாம். பிரணவ் போன் செய்தான்.

"அங்கிள், உங்க ட்ரிங்க்தான் அட்டையில மொதல்ல. உங்க போட்டோவோட. லிக்யூர மட்டும் எங்க கிச்சனுக்கு ஒரு தடவ செஞ்சு காட்டிடுங்க."

எனக்கு என்ன கஷ்டம்? போன வருஷம் ஆனியிலேயே நான் ஒரு ஜாடி போட்டு வைத்திருந்தேன். அவள் போன பிறகு வீட்டில் அந்த வாசனை இல்லை. அதனால் போட்டேன் என்று நினைக்காதீர்கள். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பழம், பிராந்தி, சர்க்கரை. வேறு என்ன? இருபத்தாறு வருஷம் அந்த ஜாடிக்கு மேலேதான் படுத்துத் தூங்கியிருக்கிறேன். பதினோரு மாசம் ஊறியது. நிறம் பார்த்தால் அவள் செய்த அதே நிறம்.

போன செவ்வாய்க்கிழமை ருசி பார்க்கக் கூப்பிட்டார்கள். பம்பாயிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். நான் வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் கறுப்பு போ-டை கட்டி, நானே ஊற்றினேன். வரிசை தப்பவில்லை. பாதி, அருள் நிறைந்த மரியே, மீதி. நுரை முத்து முத்தாக நின்றது. நாலு பேரும் ஒரு வாய் குடித்தார்கள்.

தம்பி, பச்சை வாழைக்காயைக் கடித்தவன் முகம் பார்த்திருக்கிறீர்களா? நாலு முகமும் அப்படிப் போனது. ஒருத்தி நாக்கை மேலண்ணத்தில் தேய்க்கிறாள், சப் சப் என்று. வெறும் லிக்யூராகக் குடித்திருந்தால் சர்க்கரை மறைத்திருக்கும். நுரை ஒயின் பட்டதும் துவர்ப்பு எல்லாம் மேலே எழும்பி நாக்கைப் பிடித்துக்கொண்டது. நானும் தொட்டுப் பார்த்தேன். நாக்கு கட்டையாகிவிட்டது.

பிரணவ் என்னை ஓரமாகக் கூட்டிப்போனான். "அங்கிள், இதுவா அது?"

"பழம் இந்த வருஷம் சரியில்ல," என்றேன்.

"போன வருஷப் பழம்னு சொன்னீங்களே."

இப்படி ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்துக்கொள்கிற பையன். அதோடு விட்டானா? ஓட்டல் பதிவேட்டில் அவசரத்துக்குக் கூப்பிட என்று நான் எப்போதோ கொடுத்த நம்பர், செலின் நம்பர், அதைத் தேடி எடுத்துப் போன் செய்துவிட்டான். அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அப்பாவைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னாள் தெரியுமா? "பக்குவம் எனக்குத் தெரியும் சார், அம்மாகூட நானும் உக்காந்து செஞ்சிருக்கேன். ஆனா அது எங்க அம்மாவோடது. அட்டையில எங்க அம்மா பேரப் போட்டாச் சொல்றேன்."

என் மகள்! நான் ஊற்றிய பானத்தில் படித்தவள்.

பிரணவ் என்னிடம் வந்து நயமாகப் பேசினான். "அங்கிள், நடுவுல ஒண்ணு சொல்றேன். மதாம் அந்துவான்னு போட்டுடலாமா? ரெண்டு பேருக்கும் ஆச்சு."

"யாருக்கும் ஆகல. அந்துவான் ராயல்னு போடு. இல்லன்னா போடாதே," என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அப்படியும் வெள்ளிக்கிழமைவரை டயம் என்று சொல்லிவிட்டான். இன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை.

செலினுக்குப் போன் செய்தேன். செய்தது தப்பு. அவள் அம்மா மாதிரி இல்லை, வாய் உண்டு.

"என்ன விட்டுட்டேன்னு மட்டும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்," என்றேன்.

"கொட்டைய என்னப்பா பண்ணீங்க?"

"என்ன பண்றது? கொட்டையோடதான் போட்டேன்."

அந்தப் பக்கம் சிரிக்கிறாள். பெற்ற அப்பனைப் பார்த்து. "கொட்டையோட போட்டா தொவர்க்காம என்னப்பா செய்யும்? அம்மா ஒவ்வொரு பழமா உரிச்சு, கொட்டைய எடுத்து, காயவெச்சு இடிப்பாங்க. தெனமும் காலைல மோர்ல ஒரு பொடி கலந்து குடுத்தாங்களே ஒங்களுக்கு. அது என்னன்னு நெனச்சீங்க?"

எனக்குச் சர்க்கரை வியாதி தம்பி, ரொம்ப வருஷமாக. அவள் ஒரு பொடி கொடுப்பாள், கசக்கும். நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிறாள் என்று நினைத்தேன். யார் போய் ஆராய்ச்சி செய்வது?

"கொட்ட மட்டும் இல்ல, இன்னொண்ணு இருக்கு," என்றாள் செலின். "கொட்டைய எடுத்தாலும் பாதித் தொவர்ப்பு நிக்கும். அதுக்கு அம்மா ஒண்ணு பண்ணுவாங்க. வீட்டுக்கு வாங்க. இது எங்க அம்மா செஞ்சதுன்னு ஒரு காயிதத்துல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சொல்றேன்."

"அப்பனுக்குக் காயிதம் கேக்கறியா?"

"பேர் மட்டும் இருபத்தாறு வருஷம் நீங்க வெச்சிருந்தீங்களேப்பா. அம்மா ஒரு தடவகூட அந்த அட்டையப் பாத்ததில்ல. தெரியுமா ஒங்களுக்கு?"

போனை வைத்துவிட்டேன். அட்டையைப் பார்த்து என்ன செய்வாள்? பிரெஞ்சில் இருக்கும்.

அதனால்தான் இன்றைக்குக் கிளம்பினேன். கையெழுத்துப் போட இல்லை. நேரில் போய், நான் செய்ததை அவள் கையில் கொடுத்து, குடித்துப் பார், பெரிய குறை ஒன்றும் இல்லை, அந்த ஒன்றைச் சொல்லு என்று கேட்க. கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்? துணிப்பையில் ஒரு பாட்டில், கார்க் அடைத்து, துண்டில் சுற்றி வைத்திருந்தேன். அது என்ன எல்லை தாண்டுகிற சரக்கா? ஆனால் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி ஏறினார்கள். ஒரு ஏட்டு, மீசை நரைத்தவர், கூட இன்னொரு போலீஸ்காரர். என் பையைத் தொட்டதும் தெரிந்துவிட்டது.

"எறங்குங்க பெரியவரே."

இறங்கினேன். பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டார். அதற்குள் அத்தனை பேரும் ஜன்னலில் தலையை நீட்டி, என்னவோ நான் லாரியில் கடத்தின மாதிரி.

"லேபிள் இல்ல. சீல் இல்ல. என்ன இது?"

"நாவல்பழம் சார். லிக்யூர்."

"யாரு காய்ச்சினது?"

"காய்ச்சல சார். ஊறப்போட்டது."

"அதான் யாரு ஊறப்போட்டது? வீட்ல சரக்கு பண்றது குத்தம், தெரியுமில்ல?"

நான் என்ன சொன்னேன் என்று உங்களிடம் மறைக்கவில்லை. ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

"என் வீட்டுக்காரி சார்," என்றேன்.

"அந்தம்மா எங்க?"

"செத்துப்போச்சு சார். மூணு வருஷம் ஆச்சு."

"செத்தவங்க மேல கேஸ் போட முடியாதுன்னு சொல்றியா?" என்று அந்த இன்னொரு போலீஸ்காரர் சிரித்தார். ஏட்டு சிரிக்கவில்லை. கார்க்கைப் பிடுங்கினார். மோந்து பார்த்தார். வாசனை நன்றாகத்தான் இருந்திருக்கும், வாசனைக்குக் குறை இல்லை. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்தார்.

"தூ!" என்று துப்பினார். "என்னய்யா இது? நாக்கப் புடிச்சு இழுக்குது. ஒங்க வீட்டம்மா இதத்தான் ஒனக்கு ஊத்திக் குடுத்துச்சா? சமையலும் இப்படித்தானா? பாவம்யா நீ, எத்தன வருஷம் குடும்பம் பண்ண?"

மற்றவரும் சேர்ந்து சிரித்தார். "அதான் ஏட்டையா, ஆளு இப்படி வத்திப்போய் இருக்காரு."

தம்பி, முதலாளி ஆயிரம் திட்டியிருக்கிறார், வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். பாரில் குடித்துவிட்டு மேலே ஊற்றியவர்கள் இருக்கிறார்கள், துடைத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். இன்றைக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை.

"அவ செஞ்சது இல்ல இது!" என்று கத்தினேன். "அவ செஞ்சா இப்படி இருக்காது. ஒரு சொட்டு, ஒரு சொட்டு வாயில வெச்சிருந்தா நீங்க இப்படிப் பேசமாட்டீங்க. நாப்பது கிளாஸ் ஊத்தினா நாப்பதும் காலியா வரும். வெள்ளக்காரி எழுந்து வந்து யார் செஞ்சதுன்னு கேட்டா. இது நான் செஞ்சது. எனக்குத் தெரியாது. எனக்கு ஊத்த மட்டுந்தான் தெரியும்."

சாலையில் போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

"இப்ப ஒம் மேலதான் கேஸ் வரும். தெரிஞ்சுதான் பேசறியா?" என்றார் ஏட்டு.

"போடுங்க. என் பேர்ல போடுங்க. அந்துவான், நெல்லித்தோப்பு. அவ பேர இதுல எழுதாதீங்க."

அவர் என்னையே பார்த்தார். அந்த இன்னொருவரைப் பார்த்து, போய் அடுத்த வண்டியைப் பார் என்றார். பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தார். சட்டையில் தெறித்தது. காலி பாட்டிலைப் பக்கத்தில் இருந்த டிரம்மில் போட்டார். எதையும் எழுதவில்லை.

"ஏன் பெரியவரே," என்றார், இப்போது மரியாதையாக. "பழத்துக்கு உப்புப் போட்டீங்களா?"

"உப்பு எதுக்குங்க?"

"எதுக்கா? நாவல்பழத்த உப்புல பொரட்டாம எவனாச்சும் திம்பானா? தெருவுல கூடை வெச்சு விக்கறவளே உப்புப் போட்டுக் குலுக்கித்தான குடுக்கறா. எங்க வீட்ல ஒரு நாழி வெச்சிருந்து, கழுவிட்டுத்தான் கொழந்தைங்களுக்கே குடுப்பாங்க. தொவர்ப்பு எறங்கணும்ல?"

உப்பு. அவ்வளவுதான் தம்பி. செலின் காயிதத்துக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிற ரகசியம். கடலூர் ரோட்டில் நிற்கிற ஏட்டுக்குத் தெரிகிறது. கூடைக்காரிக்குத் தெரிகிறது. உங்களுக்கும் தெரிந்திருக்கும், தலையை ஆட்டுகிறீர்களே. ஆனியில் வீட்டில் ஒரு படி உப்பு ஏன் தனியாக வாங்குகிறாள் என்று நான் கேட்டதில்லை. ஊறுகாய்க்கு என்று இருந்துவிட்டேன்.

நீங்கள் கேட்பது சரிதான். இனி எனக்குச் செலின் எதற்கு? கொட்டை தெரிந்துவிட்டது, உப்பு தெரிந்துவிட்டது. எதிர்ப்பக்கம் போய் நின்றால் பாண்டிச்சேரி பஸ் வரும். நேராகப் போய்ப் பிரணவிடம் இரண்டையும் சொல்லி, அந்துவான் ராயல் என்று அட்டை போட வைக்கலாம். யாருக்கும் கையெழுத்துப் போட வேண்டாம். எதிர்ப்பக்கம் போய் நின்றேன், பொய் சொல்லவில்லை. பஸ்ஸும் வந்தது. ஏறவில்லை. படி உயரமாக இருந்தது, கூட்டம் வேறு. அதற்குள் இந்தப் பக்கம் இந்த வண்டி வந்துவிட்டது.

இருங்கள், போன் அடிக்கிறது. என் கண்ணுக்கு இந்த எழுத்துத் தெரியாது, யார் என்று பாருங்கள். பிரணவா? மணி என்ன? நாலே முக்கால். பச்சையை அழுத்திக் கொடுங்கள். சத்தம் பெரிதாகக் கேட்கும், தப்பாக நினைக்காதீர்கள்.

"அலோ. ஆமா, நான்தான். கத்தாம என்ன செய்யச் சொல்ற, பஸ்ல இருக்கேன்... இல்ல, செலின இன்னும் பாக்கல. அவ சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, எழுதிக்கோ. கொட்டைய எடுக்கணும். உப்புல பொரட்டி ஒரு நாழி வெச்சுக் கழுவணும். மிச்சத்த அவகிட்டக் கேளு, இன்னும் எதாச்சும் இருக்கும். எனக்குத் தெரியாது... பேரா? அந்துவான் வேணாம். ஏன்னா நான் செஞ்சா தொவர்க்குது, நீதான் பாத்தியே... மதாமும் வேணாம். மதாம் அந்துவான்னு ஒருத்தி எங்க வீட்ல இருந்ததில்ல. மதலேன்னு போடு. வெறும் மதலேன்... என் போட்டோவா? கிழிச்சுப் போடு. அவ போட்டோவா? இரு. அவ தனியா நிக்கற போட்டோ ஒண்ணு..."

கொஞ்சம் பொறுங்கள் தம்பி, யோசிக்க விடுங்கள்.

"அலோ. எங்கிட்ட இல்லப்பா. செலின்கிட்ட இருக்குதான்னு கேக்கறேன்."